ஆண்டுப் பாடத்திட்டம் என்னும் பிரதி

கவிதையும் நாவலும் விமர்சிக்கப்படும் இடத்தில் நான்கைந்து பத்திகள் கொண்ட ஓர் அட்டவணைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மலேசியத் தமிழில் ஒவ்வோர் ஆண்டும் மிக அதிகமாக எழுதப்பட்டு, மிகக் குறைவாக வாசிக்கப்படும் எழுத்து ஆண்டுப் பாடத்திட்டம்தான் என்பது என் எண்ணம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஆறு ஆண்டுகள். மலாயும் ஆங்கிலமும் நீங்கலாகவே ஆளுக்கு ஏழெட்டுப் பாடங்கள். பெருக்கிப் பார்த்தால் இருபதாயிரம் பிரதிகளைத் தாண்டும். ஒரு நாவல் ஆயிரம் பிரதி விற்றால் நாம் விழா எடுக்கிறோம்.

ரெம்பாவ் வட்டாரத்தில் ஒரு சிறிய பள்ளியில் படித்துக்கொடுத்தவள் நான். பள்ளியின் பெயரில் தோட்டம் உண்டு. தோட்டத்தில் ஆள் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடுகள் காலியாகின, பெற்றோர் செம்போங் பக்கமும் சிரம்பான் பக்கமும் குடிபோனார்கள். மிஞ்சிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு பள்ளி நடக்கிறது. 150 மாணவருக்கு மேல் இல்லாத பள்ளிகளைக் குறைந்த மாணவர் கொண்ட பள்ளி என்று அமைச்சு வகைப்படுத்துகிறது. நாங்கள் அந்த எண்ணைத் தொலைவிலிருந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள்.

பள்ளி திறப்பதற்கு முந்திய வாரம் கோப்புகளைச் சரிபார்ப்பது என் வேலையாக இருந்தது. இளம் ஆசிரியை ஒருவர் அறிவியல் திட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். அழகான வண்ண அட்டவணை. வாசித்துக்கொண்டே போனபோது ஒன்று இடித்தது. எல்லா வாரமும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கின.

"என்னம்மா, நாம என்ன கெடாவிலயா இருக்கோம்?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "குரூப்ல வந்துச்சு டீச்சர். பேர மட்டும் மாத்துனேன், தேதிய பாக்கல லா."

கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை. நெகிரி செம்பிலானில் திங்கள்கிழமைதான் பள்ளி. ஜூன் மாதத்தில் கெடா சுல்தானின் பிறந்தநாள் விடுமுறையும் அந்தத் திட்டத்தில் பத்திரமாக இருந்தது. எங்கள் மன்னரின் பிறந்தநாள் ஜனவரி 14. அது இல்லை. அந்த ஆசிரியைமேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் கோப்புகளும் பல ஆண்டுகள் அப்படித்தான் பிறந்தன. யார் எழுதியது என்று தெரியாத, யாருக்காக எழுதியது என்றும் தெரியாத ஒரு பிரதியை நாம் கைமாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

இப்போது பிரதியைப் பார்ப்போம். முதல் பத்தி வாரம். அடுத்தது தலைப்பு. பிறகு உள்ளடக்கத் தரம், கற்றல் தரம். கடைசியில் குறிப்பு. இதில் முதல் பத்தியை நாட்காட்டி எழுதுகிறது. தலைப்பைப் பாடநூல் எழுதுகிறது. இரண்டு தரங்களையும் அமைச்சின் கலைத்திட்ட ஆவணம் எழுதுகிறது. ஆசிரியர் எழுதக்கூடிய ஒரே இடம் குறிப்பு. நான் வாசித்த திட்டங்களில் பெரும்பாலானவற்றில் அந்தப் பத்தி காலி. இல்லையென்றால் 'தீபாவளி விடுமுறை' என்றிருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கலைத்திட்ட ஆவணம் எதைக் கற்க வேண்டும் என்று சொல்கிறது, ஆண்டுக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம் என்று சொல்கிறது. எந்த வாரம் எது என்று அது சொல்வதில்லை. வாரங்களை அடுக்கும் உரிமை ஆசிரியருடையது. அந்த உரிமையைப் பாடநூலின் பக்க எண்ணுக்கு நாமே தூக்கிக் கொடுத்துவிட்டோம். பள்ளித் தவணை 2022-இல் மார்ச்சுக்குத் தள்ளிப்போய், 2026-இல் மறுபடியும் ஜனவரிக்கு வந்தது. பொங்கல் இப்போது முதல் வாரத்தில் வாசலில் நிற்கிறது. பண்டிகை பற்றிய பாடம் நூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த மாதத்தில்தான் நடக்கும்.

இதன் சேதம் என்ன என்பது எனக்கு ஒரு மூன்றாம் ஆண்டு வகுப்பில்தான் விளங்கியது. ஏழு பிள்ளைகள். தமிழ், கணிதம், அறிவியல், நன்னெறி, காட்சிக்கலை ஐந்தும் என் கையில். ஐந்து பாடத்துக்கும் ஐந்து கோப்புகள். ஒருநாள் கணிதத்தில் மில்லிலிட்டரை லிட்டராக மாற்றப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் கை தூக்கினான்.

"டீச்சர், இது ஏற்கெனவே செஞ்சோமே. அன்னைக்கு அறிவியல்ல தண்ணி அளந்தோம்ல?"

செய்திருந்தோம்தான். மூன்றாம் ஆண்டு அறிவியலில் பரப்பளவும் கொள்ளளவும் அளக்கும் பகுதி உண்டு. அதை என் திட்டத்தின் 20-ஆவது வாரத்திலும், கணிதத்தின் கொள்ளளவை 29-ஆவது வாரத்திலும் முடித்திருந்தேன். இரண்டையும் எழுதியது ஒரே கை. கற்பித்தது ஒரே வாய். ஒன்பது வார இடைவெளியில் நானே என்னைச் சந்திக்கவில்லை. அந்தப் பையன் மட்டும் சந்தித்தான்.

அன்றிரவு ஐந்து கோப்பையும் சாப்பாட்டு மேசையில் விரித்து, வாரம் வாரமாகப் பக்கத்தில் வைத்து வாசித்தேன். ஒரே பொருள் மூன்று கோப்பில் மூன்று மாதத்தில் வருகிறது, ஒன்றுக்கொன்று முகம் தெரியாமல். தமிழில் நேர்காணல் கேள்வி எழுதும் பயிற்சி இருக்கிறது, பேட்டி எடுக்க ஆள் இல்லை. அறிவியலில் அமிலமும் காரமும் இருக்கின்றன. எலுமிச்சைச் சாறு, சவர்க்காரம், லிட்மஸ் தாள். நூலில் உள்ள படி.

அமிலப் பாடம் வந்தபோது ஒரு பெண்பிள்ளை சொன்னாள்: "எங்க பாட்டி அசிட் ஊத்துனா பாலு கெட்டியாயிரும்னு சொல்லுவாங்க டீச்சர்." நான் முதலில் ஆட்டுப்பால், மாட்டுப்பால் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, பால் மரத்துப் பால். ரப்பர்ப் பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் விடுவார்கள். உறையாமல் நீர்மமாகவே ஆலைக்குப் போக வேண்டும் என்றால் அம்மோனியா சேர்ப்பார்கள். அமிலம் உறைய வைக்கும், காரம் உறையாமல் காக்கும். மூன்றாம் ஆண்டு அறிவியலின் ஓர் அலகு முழுவதும் அந்தப் பாட்டியின் மங்கிலும் வாளியிலும் இருந்திருக்கிறது. அவரை நாம் எந்தக் கோப்பிலும் சேர்த்ததில்லை.

அடுத்த ஆண்டு வாரங்களை மாற்றி அடுக்கினேன். கொள்ளளவு இரண்டு பாடத்திலும் ஒரே வாரம். அதற்கு அடுத்து அமிலம், காரம். அந்த வாரத் தமிழில் நேர்காணல். பாட்டி வகுப்புக்கு வந்தார். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு மரத்தில் காலையில் வெட்டிய பால் ஒரு மங்கில். தோட்டத்து அசிட் பிள்ளைகள் பக்கம் வரக்கூடாது என்பதால் சமையல் வினிகர். அளவுச் சாடியில் பிள்ளைகள் அளந்து ஊற்றினார்கள். பால் திரண்டது. "நாங்க படிக்காமலே செஞ்சோம், நீங்க படிச்சிட்டுச் செய்யிறீங்க" என்றார் பாட்டி. உளி, மங்கு, ஒட்டுப்பால், பிரட்டுக்களம் என்று பிள்ளைகள் எழுதிவந்த சொற்களில் பாதிக்குமேல் எங்கள் பாடநூலில் கிடையாது. தோட்டத் தமிழ் கடைசியாகப் பேசப்படும் வீடுகளிலிருந்து அவை வந்தன.

பாடங்களை இப்படிச் சேர்ப்பது புதிய சிந்தனை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நம் கல்வி வரலாறே சேர்ப்பதும் பிரிப்பதுமாகத்தான் நடந்திருக்கிறது. 1983-இல் வந்த கேபிஎஸ்ஆர், மேல்நிலை ஆண்டுகளுக்கு 'ஆலாம் டான் மனுசியா' என்றொரு பாடத்தை வைத்தது. இயற்கை, உடல்நலம், வரலாறு, நிலவியல் எல்லாம் ஒரே பாடம். 1990-களின் நடுவில் அது கலைந்து அறிவியல் தனியாகவும் 'கஜியான் தெம்பாத்தான்' தனியாகவும் போயின. 2011-இல் கேஎஸ்எஸ்ஆர் கீழ்நிலை ஆண்டுகளுக்குக் கருப்பொருள் தொகுதிகளைக் கொண்டுவந்தது. 2017-இன் சீராய்வில் அறிவியல் மறுபடியும் தனிப் பாடம். 2027-இல் முதலாம் ஆண்டில் தொடங்கும் கலைத்திட்டமும் ஒருங்கிணைந்த கற்றலைப் பேசுகிறது. மேலிருந்து சேர்க்கிறார்கள், மேலிருந்தே பிரிக்கிறார்கள். வகுப்பறையில் கோப்பின் அட்டைதான் மாறுகிறது. நாள் பாடத்திட்டத்தில் 'விரவி வரும் கூறுகள்' என்று ஒரு வரி எழுதுகிறோமே, சுற்றுச்சூழல் என்றோ நன்னெறி என்றோ எதையாவது நிரப்பி! ஒரு பாடம் இன்னொன்றில் விரவ வேண்டும் என்ற நல்ல எண்ணம் கடைசியில் அந்த ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டது.

சேர்ப்பதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே அதில் விழுந்தேன். பாட்டியின் வெற்றிக்குப் பிறகு எனக்குத் தலைக்கனம் வந்தது. அதற்கடுத்த ஆண்டில் 'செம்பனை மாதம்' என்று ஒரு மாதம் முழுவதையும் கட்டினேன். தமிழில் செம்பனைக் கட்டுரை, ஓவியத்தில் செம்பனைக் குலை, நன்னெறியில் செம்பனைத் தொழிலாளியின் உழைப்பு, கணிதத்தில் குலைகளை வைத்துப் பின்னம். முதல் வாரம் உற்சாகம். மூன்றாவது வாரம் ஒரு பிள்ளை, "இன்னைக்கும் செம்பனையா டீச்சர்?" என்று கேட்டே விட்டது. பின்னம் யாருக்கும் விளங்கவில்லை. பின்னத்துக்கென்று ஒரு படிக்கட்டு இருக்கிறது. சமபாகம் தெரிந்த பிறகுதான் சமபின்னம். செம்பனையை நடுவில் நிறுத்தியதும் படிக்கட்டில் இரண்டு படி காணாமல் போய்விட்டது. ஆண்டிறுதி வரை அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் இந்தச் சிக்கலைச் சந்தித்தது. ஒரு கைத்தொழிலைச் சுற்றி எல்லாப் பாடங்களையும் தொடர்புபடுத்த வேண்டும் என்பது அதன் மையம். ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டமும் வகுத்தது. சிந்தனை பெரியது. ஆனால் எல்லாவற்றையும் தக்களியில் கட்டிவிட முடியுமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. வலிந்து கட்டிய தொடர்பு பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். நல்ல கவிதையில் உவமை தானாக அமர்வதும், கெட்ட கவிதையில் தூக்கி உட்காரவைக்கப்படுவதும் போலத்தான் இது.

ஒரே அறையில் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து உட்காரவைக்கும் பள்ளிகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. மாணவர் மிகக் குறைந்த பள்ளிகளில் அப்படித்தான் நடக்கிறது. இதை நாம் அவமானமாகவே பேசிப் பழகியிருக்கிறோம். ஆந்திராவின் ரிஷிவேலி, சுற்றியுள்ள கிராமத்துச் சிறு பள்ளிகளில் பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதையே தொடக்கமாக வைத்துக் கற்றல் அட்டைகளும் ஏணிப்படியும் உருவாக்கியது. அதைப் பார்த்துத்தான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003-இல் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. பிறகு தமிழ்நாடு முழுவதும் போனது. அங்கே ஏணி ஒவ்வொரு பாடத்துக்கும் தனி. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது தெளிவாகத் தெரியும். என் செம்பனை மாதத்தில் இல்லாதது அதுதான்.

இதையெல்லாம் பார்த்தபின் எனக்கு மிஞ்சியது ஒரு சிறிய வழக்கம். கணிதத்தையும் இலக்கணத்தையும் அவற்றின் வரிசையிலேயே விடுகிறேன். அவற்றின் படிகளை யாருக்காகவும் மாற்றுவதில்லை. அறிவியல், நன்னெறி, ஓவியம், தமிழின் பேச்சும் எழுத்தும் நகரக்கூடியவை. அவற்றைக் கணிதத்துக்கு எதிரில் வைத்து, இயல்பாக ஒட்டும் இடங்களை மட்டும் ஒட்டுகிறேன். ஓராண்டில் ஆறோ ஏழோ இடங்கள் கிடைக்கும். அது போதும். மற்ற வாரங்களில் பாடங்கள் தனித்தனியே நடக்கட்டும். அதில் குற்றமில்லை.

பெரிய பள்ளியில் இதைச் செய்ய ஐந்து ஆசிரியர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அவர்களுக்கு நேரம் கிடைக்காது. எங்களுக்கு ஐந்து பாடமும் ஒரே ஆள்தான். ஆள் பற்றாக்குறை என்று நாம் புலம்புவது இந்த ஒரு விஷயத்தில் கையிலிருக்கும் வசதி. ஏழு பிள்ளைகளையும் அவர்கள் வீட்டையும் பாட்டியையும் அறிந்த ஒருவர், ஐந்து பாடத்தையும் ஒருசேரப் பார்க்க முடிகிற இடம் இன்று தோட்டப் பள்ளி மட்டும்தான். அந்த ஆசிரியர் கெடாவின் ஞாயிற்றுக்கிழமையை நகலெடுத்து ஒட்டும்போது, அந்தப் பள்ளி இருப்பதற்கான காரணங்களில் ஒன்று குறைகிறது. 'சின்னப் பள்ளிக்கூடத்துல என்ன கிடைக்கும்?' என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போகும் பெற்றோருக்கு நம்மிடம் காட்டப் பதில் இருக்காது.

அந்த இளம் ஆசிரியை பிறகு தன் திட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தார். வாரங்கள் திங்களில் தொடங்கின. ஜனவரி 14 வந்திருந்தது. கடைசிப் பத்தியைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டு இடத்தில் பேனாவால் எழுதியிருந்தார். ஒன்று: 'கணிதம் 24-ஆவது வாரத்தோடு சேர்த்துச் செய்க.' இன்னொன்று: 'யார் வீட்டில் இன்னும் பால் மரம் இருக்கிறது? கேட்க வேண்டும்.'