கேட்கத் தெரிந்த நடிகர்

நாகேஷ் மறைந்தது 2009 ஜனவரி 31 அன்று. அன்றிலிருந்து அவருடைய நினைவு நாள் வந்தாலும், செப்டம்பர் 27-இல் பிறந்த நாள் வந்தாலும், ரசிகர்கள் அவரை நினைக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். வசனத்தைச் சொல்லிக் காட்டுவார்கள். தருமி கோயிலில் புலம்பியது, செல்லப்பா அப்பாவுக்குக் கதை சொன்னது, வைத்தி வடிவாம்பாளுக்கு ஆசை காட்டியது என்று ஒருவர் ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் முடித்து வைக்கிறார். அவர் உச்சத்தில் இருந்தபோது பிறந்தே இராதவர்களுக்கும் அந்த வரிகள் மனப்பாடம். ஒரு நடிகர் போன பிறகும் அவர் பேசிய பேச்சு இத்தனை பேர் வாயில் வாழ்வது சாதாரண விஷயமில்லை. அந்த அன்பில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் வசனத்தையே சொல்லிச் சொல்லி, நாகேஷ் என்றால் வேகமாகப் பேசுகிறவர் என்ற அளவில் அவரைச் சுருக்கி வைத்திருக்கிறோம். அவருடைய பெரிய வித்தை வேறு இடத்தில் இருந்தது. எதிரே இருப்பவர் பேசுவதைக் கேட்பதிலும், கேட்டதை உடம்பு முழுக்க வாங்கிக்கொள்வதிலும் அவருக்கு நிகராகத் தமிழ்ப் படத்தில் இன்னொருவரைச் சொல்வது கஷ்டம். ரசிகர்கள் மறக்காமல் வைத்திருக்கும் காட்சிகளே இதற்குச் சாட்சி. அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இன்னொரு ஆள் இருக்கிறார்.

ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' 1965-இல் வந்தது. பாண்டியனின் ஐயத்தைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன் பரிசு என்று அறிவித்தாயிற்று. பாட்டெழுத வராத ஏழைப் புலவன் தருமி ஆலவாய்க் கோயிலில் அழுது புலம்ப, சிவனே புலவராக அவன் முன்னால் வந்து நிற்கிறார். வந்தவரைத் தருமி சோதிக்கும் அந்தக் கேள்வி பதில் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கேள்வியெல்லாம் நாகேஷுக்கு, பதிலெல்லாம் சிவாஜிக்கு. தாளில் படித்தால் அது பதில் சொல்கிறவருடைய காட்சி. கேட்பவன் எடுத்துக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். திரையில் ஒவ்வொரு பதிலும் வந்து விழும்போது தருமியிடம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில், இவர் என்ன பெரிய புலவர் என்ற அலட்சியம். பிறகு, பரவாயில்லையே என்று ஒரு சின்னத் திகைப்பு. அந்தத் திகைப்பு வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று அடுத்த கேள்வியை எடுத்து வீசும் அவசரம். கேள்வி போகப் போகச் சுருங்குகிறது, வேகம் கூடுகிறது, கூடவே இவன் மனம் அவர் பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது. சிவாஜி அசையாமல் ஒரே கம்பீரத்தில் நிற்கிறார். அது கம்பீரம் என்று நமக்கு உறைப்பதே எதிரே தருமி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பதால்தான். கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதி போட்டதும் நல்ல மிருதங்கக்காரர் எங்கே வாசிக்காமல் கையை நிறுத்துகிறாரோ அங்கேதான் சங்கதி துலங்கும். நாகேஷ் இந்தக் காட்சியில் செய்வது அந்த வேலை. புலவராக வந்தவர் தெய்வம் என்பது கதையில் தருமிக்குத் தெரியாது. ஆனால் அவனுடைய உடம்புக்கு ஏதோ தெரிந்துவிடுகிறது.

சிவன் வருவதற்கு முன்னால் தருமி தன்னந்தனியாகத்தானே புலம்புகிறான், அங்கே எதிரே யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் புலம்பல் எப்படி உருவானது என்பதைப் பற்றிப் பல கதைகள் சொல்கிறார்கள். எப்படி உருவாகியிருந்தாலும் திரையில் இருப்பது ஒற்றை ஆளின் பேச்சு அல்ல. அங்கே தருமி இரண்டு பேராகப் பிரிந்துவிடுகிறான். ஒருவன் ஆசைப்படுகிறான், மற்றவன் அதட்டுகிறான். ஒருவன் நம்புகிறான், மற்றவன் உதட்டைப் பிதுக்குகிறான். ஆயிரம் பொன்னை நினைத்துக் குரல் எழும்புவதும், அதே மூச்சில் அது தனக்குக் கிடைக்காது என்று தானே தனக்குச் சொல்லிக்கொண்டு தோள் தொங்கிப் போவதும் இரண்டு நடிகர்கள் செய்ய வேண்டிய வேலை. எதிராளி இல்லாத இடத்தில் நாகேஷ் எதிராளியையும் தானே நடித்துக்கொள்கிறார்.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) காட்சியைப் பற்றி ரசிகர்களுக்குள்ளேயே ஒரு வழக்கு உண்டு. ஓஹோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பா அப்பாவை உட்கார வைத்துப் பேய்ப்படக் கதை சொல்கிறான். அப்பா விசுவநாதன் நடுங்குகிறார். அது கதை சொன்ன நாகேஷின் காட்சியா, பயந்துபோன டி.எஸ். பாலையாவின் காட்சியா? பாலையாவுக்கே அந்தப் பெருமை என்று சொல்பவர்கள் பலர். அவர்கள் சொல்வது பெரும் அளவு சரி. ஒரு பெரிய மனிதர் தன் அதட்டல், எஸ்டேட் முதலாளி மிடுக்கு எல்லாவற்றையும் இழந்து குழந்தையாகிப் போவதைப் பாலையா முகத்தில் பார்க்கும் இன்பம் வேறு எதிலும் இல்லை. ஆனால் அந்தப் பயம் எதிலிருந்து வருகிறது? செல்லப்பா சொல்வதில் கதை என்று ஒன்றுமே இல்லை. காற்றும் கதவும் காலடியும்தான் இருக்கின்றன. எல்லாம் அவன் வாயால் போடும் சத்தம். நாகேஷ் ஒரு சத்தத்தைப் போட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்கிறார். அங்கே என்ன விளைந்திருக்கிறது என்று அளந்து, அது முற்றும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்ததற்குப் போகிறார். பாலையாவின் முகத்துக்கு வேண்டிய நேரத்தை ஒரு நொடி கூடாமலும் குறையாமலும் விட்டுக் கொடுத்தவர் அவர். இளம் நகைச்சுவை நடிகர் ஒருவருக்குத் தன் நீண்ட காட்சி கையில் கிடைத்திருக்கும்போது, சிரிப்பை எதிரே உட்கார்ந்திருப்பவர் அள்ளிக்கொண்டு போகட்டும் என்று விடுவதற்குப் பெரிய தன்னம்பிக்கை வேண்டும். அந்த வழக்கு இத்தனை ஆண்டுகளாகத் தீராமல் இருப்பதையே நான் நாகேஷுக்குக் கிடைத்த வெற்றியாக எண்ணுகிறேன்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) வைத்தி இதே திறமையின் விஷம் ஏறிய வடிவம். வைத்தியின் தொழிலே அடுத்தவர் மனத்தைப் படிப்பது. மோகனாவின் தாய் வடிவாம்பாளிடம் பேசும்போது அவன் வாய் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, கண் அவள் முகத்தில் ஆசை எந்த இடத்தில் கண்ணைத் திறக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறது. கண்டுபிடித்த கணத்தில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும். நல்லவர்கள் நிறைந்த அந்தக் கதையில் வைத்தி செய்யும் தீங்கு கொஞ்சமல்ல. மதன்பூர் மகாராஜா வரைக்கும் கதையை இழுத்துக்கொண்டு போகிறவன் அவன். இருந்தும் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. அவ்வளவு உன்னிப்பாக மனிதர்களைக் கவனிக்கிற ஒருவனிடமிருந்து கண்ணை எடுப்பது கடினம்.

வசனம் எழுதியவர்களுக்குச் சேர வேண்டியதை நாகேஷுக்குக் கொடுக்கிறோமே என்பது ஓர் ஆட்சேபம். ஏ.பி. நாகராஜன், சித்ராலயா கோபு, கே. பாலசந்தர், பின்னாளில் கிரேஸி மோகன் என்று எழுத்தில் வல்லவர்கள் அவருக்கு அமைந்தார்கள் என்பது உண்மை. தருமி வசனத்தை மேடையில் ஒப்பிக்கிறவர்கள் நாகராஜனின் எழுத்துக்குத்தான் கைதட்டு வாங்குகிறார்கள் என்றும் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒப்பிப்புகளைக் கொஞ்சம் கவனித்தால் ஒன்று தெரியும். வரி அப்படியே இருக்கிறது, குரல்கூட ஏறக்குறைய வந்துவிடுகிறது, தருமி வருவதில்லை. ஒப்பிக்கிறவருக்கு அடுத்த வரி ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. நாகேஷின் தருமிக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாது. எதிரே இருப்பவர் சொன்னது காதில் விழுந்த பிறகுதான் அவனுக்குப் பேச்சே பிறக்கிறது. எழுத்தாளர் தர முடியாத சரக்கு இது.

இன்னொரு குற்றச்சாட்டு, அவருடைய வேகமும் கை கால் வீச்சும் மிகை, ஜெர்ரி லூயிஸின் சாயல் என்பது. சாயல் இருந்தது, மறுக்க வேண்டியதில்லை. அம்மை வடு விழுந்த முகமும் ஒல்லி உடம்பும் கொண்டு கதாநாயகர்கள் கோலோச்சிய திரையில் இடம் பிடிக்க வந்தவருக்கு வேகம் ஒரு ஆயுதமாகவும் இருந்தது. பல படங்களில் அது வெறும் ஆர்ப்பாட்டமாகவே முடிந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவை எந்த மாதிரிப் படங்கள் என்று பார்த்தால் விஷயம் புரிகிறது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் காமெடி டிராக் என்பதைக் கதையோடு ஒட்டாமல் தனியாக வைப்பது பெரிய வழக்கமாக இருந்தது. கதை ஒரு பக்கம் நடக்கும், சிரிப்பு ஒரு பக்கம் நடக்கும். அங்கே நாகேஷுக்குக் கேட்பதற்கு யாரும் இல்லை. கதையில் அவரால் மாறக்கூடியது எதுவும் இல்லை. அதனால்தான் குட்டிக்கரணம் போடுகிறார். அதே நாகேஷ் 'அன்பே வா'வில் (1966) முதலாளியின் பங்களாவை அவருக்கே வாடகைக்கு விடும் வேலைக்காரனாக எம்.ஜி.ஆருக்கு எதிரே நிற்கும்போது பாருங்கள், அசைவுக்கெல்லாம் காரணம் வந்துவிடுகிறது. கதைக்குள் இடம் கிடைத்த இடங்களில் அவர் மிகையாகத் தோன்றுவதில்லை.

சிரிக்க மட்டுமல்ல, அழவும் வைத்தார் என்று சொல்லி 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' படங்களைத் தனிப் பட்டியலாக எடுத்து வைப்பார்கள். நகைச்சுவை ஒரு திறமை, சோகம் வேறொரு திறமை, இரண்டும் அவரிடம் இருந்தன என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. எனக்கு அது இரண்டாகத் தெரியவில்லை. 'எதிர்நீச்சல்' (1968) மாது, பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் மாடிப்படியின் கீழே ஒண்டிக்கொண்டு, எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் போடும் மிச்சச் சோற்றில் படிக்கிற அநாதைப் பையன். அவனுடைய நாள் முழுவதும் மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்பதிலேயே போகிறது. தருமி பதிலுக்குப் பதில் சாய்ந்தான் அல்லவா, அந்தக் கூர்மையான காதுதான் மாதுவிடமும் இருக்கிறது. அங்கே அது சிரிப்பைத் தந்தது, இங்கே பசியும் பயமும் அதன் பின்னால் நிற்கின்றன. 'சர்வர் சுந்தர'த்தில் (1964) ராதாவின் பரிவைக் காதலென்று எண்ணி மனக்கோட்டை கட்டியவனுக்கு, அவள் மனத்தில் இருப்பது தன் நண்பன் ராகவன் என்று தெரியவருகிற இடமும் அப்படித்தான். அங்கே சுந்தரம் சொல்வது முக்கியமல்ல. காதில் விழுந்த செய்தி உள்ளே இறங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை நாகேஷ் நமக்குக் காட்டுகிறார். நம் நெஞ்சு கனப்பது அந்த நேரத்தில்.

இந்த வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை 1994-இல் வந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'மகளிர் மட்டும்' படத்தில் நாகேஷ் பிணம். மூன்று பெண்கள் மருத்துவமனையிலிருந்து தவறுதலாகக் கடத்திக்கொண்டு வரும் பிணம். பிணம் எதைக் கேட்கும், எதற்கு ரியாக்ஷன் கொடுக்கும்? பேச்சை முழுவதுமாகப் பிடுங்கிக்கொண்ட பிறகும் அங்கே சிரிப்பு வருகிறது என்றால், அது எங்கிருந்து வருகிறது? இழுக்கிற கைக்கு இணங்கி வருகிற தோள், சாய்த்த பக்கம் விழுகிற தலை, விட்டால் தொப்பென்று தொங்குகிற கை. ஊர்வசியும் ரேவதியும் ரோகிணியும் என்ன செய்கிறார்களோ அதற்கு மட்டுமே அந்த உடம்பு பதில் சொல்கிறது. தானாக ஒன்றும் செய்வதில்லை. மற்ற நடிகர்களுக்கு முழுக்கத் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்ட ஒரு நடிகர் என்றால் அது இதுதான். அதே ஆண்டு வந்த 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக நடித்ததற்கு அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. துணை என்ற அந்தத் தகுதியை ரசிகர்கள் சிலர் குறைவாக எண்ணி, நாயகனுக்குரிய விருதுகளும் பத்ம விருதும் கிடைக்கவில்லையே என்று இன்றும் வருந்துகிறார்கள். பத்ம விருது கொடுத்திருக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் துணை என்பது நாகேஷ் விஷயத்தில் இரண்டாம் இடம் ஆகாது. ரயில்வே வேலையில் இருந்த நாட்களில், நாடகம் ஒன்றில் வயிற்றுவலிக்காரராகச் சிறு வேடத்தில் துடித்துக் காட்டி, பார்க்க வந்த எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்றவர் அவர். பெரிய வேடமா சின்ன வேடமா என்ற கணக்கு அவரிடம் அன்றைக்கே செல்லவில்லை.

ஆகவே நினைவு நாளில் அவரைத் துண்டு துண்டாகக் காட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஓடும் துண்டுக் காட்சிகள் வசனம் முடிந்த இடத்தில் வெட்டப்படுகின்றன. வசனத்துக்கு முன்னால் அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரமும், பின்னால் எதிராளிக்கு விட்டுக்கொடுத்த நேரமும் அந்த வெட்டில் போய்விடுகின்றன. ஜனவரி 31 அன்று 'எதிர்நீச்சல்' முழுப் படத்தையும் போடுங்கள். பார்க்கிறவர்கள், முத்துராமனோ மேஜர் சுந்தரராஜனோ சௌகார் ஜானகியோ பேசும்போது, பேசுகிறவரை விட்டுவிட்டு மாதுவைப் பார்க்கட்டும்.