அழிச்சுட்டு மறுபடி எழுது

சென்ற மாதம் கம்பம் போயிருந்தேன். பன்னீர் திராட்சைப் பந்தலை ஒட்டிய மோட்டார் ரூமில் அக்கா மகன், கிரெடிட் கார்டு சைஸ் பலகை ஒன்றில் லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். ராஸ்பெரி பை. லாப்டாப்பில் மெமரி கார்டை எழுதி, பலகையில் செருகி, பழைய டி.வி.யை இணைத்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் சரசரவென்று ஓடின. பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது கார்டு கெட்டுப்போய், பூட் ஆக மறுத்தது.

'அழிச்சுட்டு மறுபடி எழுதுனாப் போச்சு. அம்புட்டுத்தான் மாமா!'

எனக்கு சிம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. 2001-ல் விஜய் சந்துரு, ஸ்வாமி மனோகர் முதலான பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் கம்பெனியும் சேர்ந்து அறிவித்த கையடக்கக் கணிப்பொறி. உள்ளே இன்டெலின் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு. அதன்மேல் லினக்ஸ். எழுதப்படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தலாம். ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு இருந்தால் ஊருக்கே ஒன்று போதும் என்பது திட்டம். நியூயார்க் டைம்ஸில் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ப்ரூஸ் ஸ்டெர்லிங் அதை வானளாவப் புகழ்ந்தார். 2004-ல் 'அமிடா' என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஆரம்ப விலை 9,950 ரூபாய். விற்பனை சில ஆயிரங்களோடு படுத்துவிட்டது.

விலை அதிகம், செல்போன் முந்திக்கொண்டது என்பார்கள். பாதி சரி. என் புகார் வேறு. சிம்ப்யூட்டர் கிராமத்து ஆசாமியை ஐகானைத் தொடுகிறவராக மட்டுமே கற்பனை செய்தது. வடிவமைப்பைத் திறந்த லைசென்ஸில் வெளியிட்டது பெருந்தன்மைதான். ஆனால், அது உற்பத்தி செய்கிறவர்களுக்கு. வாங்குகிறவர் நோண்டுவார், கெடுப்பார், தானே சரிபண்ணுவார் என்பதற்குத் திட்டத்தில் பெரிய இடமில்லை.

2012-ல் வந்த பைக்கு அதுவே முதல் நோக்கம். கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நோண்டத் தெரியவில்லையே என்ற கவலையில் பிறந்தது. 35 டாலர். திரை, பாட்டரி, பெட்டி எதுவும் கிடையாது. இயங்கும் சிஸ்டம் முழுவதும் கழற்றி மாட்டுகிற கார்டில். கெட்டால் கார்டு போகும், பலகை பிழைக்கும்.

பையும் முழு யோக்கியமில்லை. பூட் ஆகும்போது முதலில் ஓடும் பிராட்காமின் நிரல் ரகசியம். அனலாக் சிக்னலைப் படிக்கவும் அதற்கு வராது. மண் ஈரம் பார்க்கும் சென்ஸருக்காகத் தனியாக ஒரு சில்லு வேண்டும். பையன் ஆர்டர் பண்ணியிருக்கிறான். அது வரும்வரை எப்போது தண்ணீர் பாய்ச்சவேண்டும் என்பதை, அக்கா மண்ணைக் கிள்ளிப் பார்த்துச் சொல்கிறாள்.