ராக்கின் சாவும் சாவு வீட்டுப் பாட்டும்

1

ராக் இசை செத்துப்போச்சு என்று இதுவரை எத்தனை தடவை சொல்லியாச்சு என்பதற்குக் கணக்கே கிடையாது. 1958இல் எல்விஸ் பிரெஸ்லி ராணுவத்துக்குப் போனார், 1959இல் பட்டி ஹாலி விமான விபத்தில் இறந்தார். ஒப்பாரி அங்கேயே ஆரம்பித்துவிட்டது. 1994இல் கர்ட் கோபேன் தற்கொலை செய்துகொண்டபோது மறுபடி. 2017இல், அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசை என்கிற இடத்தை ராக்கிடமிருந்து ஹிப்ஹாப்பும் ஆர் அண்ட் பியும் எடுத்துக்கொண்டதாக நீல்சன் நிறுவனம் கணக்குக் காட்டியது. அடுத்த வருடம் கிப்ஸன் கிட்டார் கம்பெனி திவால் மனுப் போட்டது. ஆக, பிணம் உறுதி என்கிறது ஒரு தரப்பு. இல்லையில்லை, அது பங்க் ஆக, மெட்டல் ஆக, இண்டி ஆக உருமாறி வளர்ந்துகொண்டே இருக்கிறது என்கிறது மறுதரப்பு.

இரண்டு தரப்பும் நிற்பது ஒரே தளத்தில்தான். ராக் என்பதை ஓர் உயிரியாகப் பார்க்கிற பெருங்கதையாடல் அது. மெம்ஃபிஸ், லண்டன், சியாட்டில் என்று ஒற்றைக் கோட்டில் அதன் ஜாதகம் எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கோட்டில் கோட்டூர்புரத்துக்கு இடமில்லை. அதனாலேயே அங்கிருந்து தொடங்கலாம்.

2

கோட்டூர்புரத்துக்கு வடக்கே அடையாறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முதலில் மூழ்கியவை ஆற்றோரக் குடியிருப்புகள். தெற்கே சர்தார் படேல் சாலையைக் கடந்தால் ஐ.ஐ.டி. மதில். அந்த மதிலுக்கு உள்ளே 1974இல் 'மார்டி கிரா' என்ற பெயரில் தொடங்கி, 1996இல் 'சாரங்' ஆன மாணவர் விழாவின் ராக் இரவு பல தலைமுறைகளாகப் பேர் பெற்றது. 2009இல் ஸ்வீடனின் ஓபெத் மெட்டல் குழு அங்கே வந்து வாசித்தது. சென்னையில் ராக் என்றால் நெடுங்காலம் இதுதான்: கல்லூரி வளாகம், ஆங்கிலம், திறந்தவெளி அரங்கு.

இந்த வளாக ராக்கின் அழகியல் என்ன? பெரும்பாலும் 'கவர்' வாசிப்பது. லெட் ஸெப்பெலின் கிட்டாரைச் சுரம் பிசகாமல் வாசித்துவிட்டால் கைதட்டல். தெரிந்தவர்களுக்கு முன் தெரிந்ததைப் பிசகில்லாமல் நிகழ்த்துவது. இதே ஊரில் மயிலாப்பூர் சபாக்களில் இதற்குப் பாடாந்தரம் என்று பேர். தோளில் கிட்டார் தொங்கியது, மனசு சபாவில்தான் இருந்தது. சபாவைப் போலவே சாதியைப் பற்றி மூச்சு விடாத மேடை அது. 2015 மே மாதம் அதே ஐ.ஐ.டி.யில், ஒரு மொட்டைப் புகாரைத் தொடர்ந்து அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பிய பிறகே ஜூனில் திரும்பக் கிடைத்தது. டெத் மெட்டல் உறுமலைத் தாங்கிய வளாகத்துக்கு ஒரு துண்டறிக்கையைத் தாங்க முடியவில்லை. கலகம் என்பது அங்கே ஒரு டி-ஷர்ட்.

நம் இடதுசாரிகளில் ஒரு சாரார் ராக்கை ஏகாதிபத்தியச் சீரழிவு என்று ஒதுக்கியதும் இதே அளவு சோம்பேறித்தனமான வாசிப்புதான். மேற்கத்திய மேடை இசை தன்னளவில் புரட்சியும் அல்ல, சீரழிவும் அல்ல. 1996இல் மைக்கேல் ஜாக்சனை மும்பைக்கு வரவேற்று ஆடவிட்டது யார்? 'பாரதப் பண்பாடு' பேசிய பால் தாக்கரேயின் சிவசேனைதான். யார் மேடையை வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வளாகத்துக்கு வெளியே ராக்கை விழுங்கியது கோடம்பாக்கம். 1964இன் 'காதலிக்க நேரமில்லை'யிலேயே எம்.எஸ். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் ட்விஸ்ட் தாளத்தைத் தமிழாக்கிவிட்டார்கள். இளையராஜாவின் பேஸ் கிட்டார் இல்லாமல் எண்பதுகளின் தமிழ்க் காது இல்லை. 'ரோஜா'வுக்கு முன்பு ரஹ்மான் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் இருந்தவர். ஒலி வந்தது, வாத்தியம் வந்தது. வராமல் போனது 'பேண்ட்' என்கிற அமைப்பு. தன் சொல்லைத் தானே எழுதி, தானே வாசித்து, தன் முகத்தோடு நின்று பாடுகிற ஒரு கூட்டம் நம்மிடம் உருவாகவில்லை. இங்கே இசை இசையமைப்பாளருடையது, வாயசைப்பு கதாநாயகனுடையது. ஆகவே தமிழில் ராக் சாகவில்லை, வாழவும் இல்லை. ஒரு 'எஃபெக்ட்' ஆக ஜீரணிக்கப்பட்டது.

3

இப்போது மெம்ஃபிஸுக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. ராக் அண்ட் ரோலின் முதல் பதிவுகளில் ஒன்றாகச் சொல்லப்படும் 'ராக்கெட் 88' 1951இல் அங்கே பதிவானது. ஐக் டர்னரின் கறுப்பினக் குழு. வழியில் ஆம்ப்ளிஃபயர் அடிபட்டு, கிட்டார் கரகரத்தது. அப்படியே பதிவு செய்தார்கள். பிற்பாடு கம்பெனிகள் பெடல் பெட்டிகளில் அடைத்து விற்ற 'டிஸ்டார்ஷன்' என்கிற ஓசையின் ஆதி உருவங்களில் ஒன்று, இப்படி உடைந்துபோன ஒரு கருவியிலிருந்து வந்தது. பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண் 1952இல் பதிவு செய்த 'ஹவுண்ட் டாக்' 1956இல் எல்விஸ் பாடி உலகப் பாட்டானது. உலகம் ராக்கின் அரசன் என்று கொண்டாடியது எல்விஸைத்தான். ராக்கின் முதல் சாவு இதுதான்: உழைத்தவர்களின் பேர் அழிந்தது. அதற்கு யாரும் இரங்கல் எழுதவில்லை.

இந்த இடத்திலிருந்து பார்த்தால், 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் பள்ளி மைதானம் ஒன்றில் நடந்ததை வெறும் 'ஃப்யூஷன்' என்று சொல்ல முடியாது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், 'குரங்கன்' குழுவிலிருந்து வந்த இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அன்றைக்குத்தான் மேடை ஏறியது. 19 பேர். கானா, ராப், பறை, சட்டி, டிரம்ஸ், எலக்ட்ரிக் கிட்டார். பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்கிற சொல்லின் வழி வந்தது. இடஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பாட்டுப் பொருளாயின.

கானாவின் தாய்வீடு சாவு வீடு. பிணத்தைக் கிடத்தி, பந்தல் போட்டு, விடியவிடியப் பாடுவது. செத்தவர் பேர், ஊர், தொழில், குறும்பு எல்லாம் பாட்டில் வரும். தேவா தொண்ணூறுகளில் அதைச் சினிமாவுக்குக் கொண்டுபோனபோது சாவை மட்டும் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தைக் குத்துப்பாட்டு ஆக்கினார்கள். கீழ்ப்பாக்கத்தில் திரும்பி வந்தது அந்தக் கழற்றி வைத்த பகுதி. 'ராக் செத்துவிட்டதா?' என்பதற்கு இந்த மரபில் வேறு அர்த்தம் இருக்கிறது. இங்கே ஒருத்தர் செத்த பிறகுதான் பாட்டே தொடங்குகிறது.

அது உயிரோடு இருக்கிறதா என்பதற்கு எதிரிகளே சான்று. இக்குழுவின் இசைவாணி 2018இல் பாடிய 'ஐயம் சாரி ஐயப்பா'வுக்காக 2024 நவம்பரில் அவருக்கு மிரட்டல்கள் குவிந்தன. ஆறு வருடம் கழித்து! செத்த இசைக்கு யாரும் மிரட்டல் விடுவதில்லை.

பேரழிப்பும் அதே வேகத்தில் நடந்தது. குழுவிலிருந்து வந்த அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021இல் உலகெங்கும் போனது. தோட்டத் தொழிலாளியான தன் பாட்டியின் வாழ்விலிருந்து அறிவு எடுத்த பாட்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் கேள்வி எழுப்பி, கண்டனம் எழுந்த பிறகு அறிவுக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. ராக்கின் பேரேட்டை எழுதுவதாகச் சொல்லிக்கொள்ளும் பத்திரிகை, பிக் மாமா தார்ன்டனுக்கு நடந்ததைச் சென்னையில் மறுபடி நிகழ்த்திக் காட்டியது.

4

இதற்காகக் குழுவைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. காதில் விழுவதைச் சொல்ல வேண்டும். கானா பாடகன் விருத்தம் போல இழுத்து, மூச்சு தீரும் இடத்தில் நிறுத்தி, தன் காலத்தைத் தானே வைத்துக்கொள்கிறவன். டிரம்ஸ் வந்ததும் அந்தக் காலம் நாலு அடிக்குள் மடக்கப்படுகிறது. ஒலிப்பதிவுகளில் இது கூடுதல்: பாடகனுக்காகத் தாளம் காத்திருப்பதில்லை. பறை பல இடங்களில் கிட்டாரோடு மல்லுக்கு நிற்காமல், வண்ணம் பூசுகிற வேலையோடு நின்றுவிடுகிறது. குரல்தான் தப்பிக்கிறது. அந்தக் கரகரப்புக்குப் பெடல் தேவைப்படவில்லை.

இந்த மாதிரி ஒரு விவாதம் நம் பத்திரிகைகளில் நடந்ததா? இக்குழுவைப் பற்றித் தமிழில் வந்ததில் பெரும்பகுதி பாட்டு வரிகளை எடுத்துப் போட்டு, 'அரசியல் சரி' என்று முத்திரை குத்தியவை. தமிழ் படித்தவர்களுக்குப் பாட்டு என்றால் சொல். யாப்பு தெரியும், ஓசை எட்டாது. ஓபெத்துக்கு வளாக ரசிகன் மணிக்கணக்கில் சுரம் சுரமாக விமர்சனம் பண்ணுவான். கானாவுக்கு மட்டும் கருத்து போதும், ஆதரவு போதும் என்றால் அதுவும் ஒரு தீண்டாமைதான். இசையை இசையாகக் கேட்கத் தகுதியில்லாதது என்று ஒதுக்கிவிட்டு அதன் 'செய்தி'க்கு ஜே போடுவது.

ராக்கின் நாடி பிடித்துப் பார்க்கிற வேலையை அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு விட்டுவிடலாம். நம் முன் இருக்கிற கேள்விகள் எளிமையானவை, பதில் சொல்லச் சிரமமானவை. மேடை யார் கையில்? பதிவின் உரிமை யார் பேரில்? பறை எந்த இடத்தில் கிட்டாருக்கு வழி விடுகிறது, ஏன் விடுகிறது? ஐ.ஐ.டி. மதிலுக்கு உள்ளே இருக்கிற அந்தத் திறந்தவெளி அரங்கில், ராக் இரவு என்கிற அதே பெயரில், கோட்டூர்புரம் ஆற்றோரத்துப் பையனும் பெண்ணும் தங்கள் சொந்தப் பாட்டோடு ஏறுகிற நாள் எது? அந்த நாள் வரும்போது ராக் செத்ததா என்று யாராவது கேட்டால், கேட்கிறவர் மதிலுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்று முதலில் பாருங்கள்.