வால் அறுந்த ஸ்பெக்ட்ரம்

1982-ல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு ஆர்வலர்கள் செய்கிற புது மெம்பிரேனை எல்லாரும் பாராட்டுறாங்க. விசைகளுக்கு அடியில் கிடக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான் அது. 40 விசைகளின் இணைப்பும் 5 கோடு, 8 கோடு கொண்ட இரண்டு வால் வழியாகத்தான் போர்டுக்குப் போகுது. வயசானால் வால் விறைச்சு, மடிகிற இடத்தில் விரிசல் விடும். ஒரு கோடு அறுந்தாலே 5 விசையோ 8 விசையோ ஒரேயடியாகச் செத்துப்போகும்.

அச்சு அசலான நகல் கண்ணாடிப் பெட்டிக்குச் சரி. கொருக்குப்பேட்டை வெக்கையில் தினமும் தட்டுறவங்களுக்கு, அசல் தோற்ற இடத்தில் நகல் மாறியிருக்கணும். அதனால், முதல் நாள் எல்லா விசையும் வேலை செய்யுதுன்னு மதிப்பெண் போட்டுடாதீங்க. மூடியைப் பத்துத் தடவை கழற்றி மாட்டிட்டு, அப்புறம் சொல்லுங்க.