ஏ8 மூலையில் சிக்கிய மந்திரி

எனக்குப் பிடித்த சதுரங்க ஆட்டம் எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது ஆட்டம், குகேஷ் – டிங் லிரென். மறுநாள் கார்த்திகை தீபம். கண்டரமாணிக்கத்தில் எங்கள் வீட்டு வளவில் அகல் விளக்குகளைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கைபேசியை விட்டு அசையவே இல்லை.

அதுவரை 6.5–6.5. டிராவானால் மறுநாள் டைபிரேக்கர். டிங் அதற்குத்தான் ஆடினார். வெள்ளைக் காய்கள் கையில் இருந்தும், ஒரு சிப்பாய் போனாலும் போகட்டும் என்று காய்களை வெட்டிக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஆளுக்கொரு யானை, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள். குகேஷிடம் கூடுதலாக ஒரே ஒரு சிப்பாய். வர்ணனையாளர்கள் டிரா என்றே முடிவுகட்டிவிட்டார்கள்.

அந்த 18 வயதுப் பிள்ளை மட்டும் முடிவுகட்டவில்லை! கை கொடுத்து எழுந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ பாடிக் கறப்பதுபோல, அவசரமே இல்லாமல் எதிராளியைச் சோதித்துக்கொண்டே இருந்தார். இதைவிடப் பெரிய வீரம் பலகையில் உண்டா?

55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானைகளை மாற்றிக்கொள்ளும் அழைப்பு. பார்த்தால் சாதாரணம். ஆனால் அவருடைய மந்திரி ஏ8 மூலையில் நிற்கிறது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷின் மந்திரி டி5-இல் வந்து வழிமறித்தது. அதற்கு மேல் டிங்கின் மந்திரி எங்கே போகும்? அதுவும் மாற்றிக்கொள்ளப்பட்டது. மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அந்த நிலையில் ஒரு சிப்பாய் கூடுதல் என்பது ஒரு சாம்ராஜ்யம். 58 நகர்த்தல்களில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

குகேஷ் தேம்பி அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் அடுக்கி வைத்தார். "ஏண்டா, ஜெயிச்ச பிள்ளை எதுக்குடா அழுகுது?" என்றார் அப்பத்தா. 2013-இல் சென்னையில் ஆனந்த் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தபோது, பார்வையாளர்களில் ஒரு சிறுவனாக இருந்தவர் இந்தக் குகேஷ் என்று சொன்னேன். 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவின் சாதனையையும் சேர்த்து முறியடித்துவிட்டார் என்றேன்.

வீட்டில் பலகை இருந்தால் இந்த ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். முதல் நகர்த்தலிலிருந்தே ஆடுங்கள், நேராக 55-க்குத் தாவாதீர்கள். அந்த நீண்ட பொறுமையைக் கூடவே இருந்து அனுபவித்தால்தான் டி5-இல் மந்திரி வந்து நிற்கும்போது உடம்பு சிலிர்க்கும்!