தொண்ணூற்றேழு மில்லிமீட்டர்

டாடா கம்பெனி லாரிக்கு ஒரு பெயர் வைக்கும், அதன் இன்ஜினுக்கு வேறொரு பெயர் வைக்கும். 407 என்பது வண்டியின் பெயர். முன்னால் உள்ள 4, மொத்த எடையை டன்னில் சொல்கிறது. பின்னால் வரும் 07-ஐப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன். 1210, 1612 எல்லாம் இதே கணக்கில் பிறந்த பெயர்கள்தான். கிட்டத்தட்ட இவ்வளவு என்று மட்டுமே இவை சொல்லும். அதே 407-இன் உள்ளே இருக்கும் இன்ஜினின் பெயர் 497. அதில் கிட்டத்தட்ட என்ற பேச்சே இல்லை. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் போரும், அதாவது உள்விட்டமும், 97 மில்லிமீட்டர். அவ்வளவுதான் பெயர். எனக்குத் தெரிந்து எந்த இயந்திரமும் இத்தனை நேர்மையாகத் தன்னை அறிமுகம் செய்துகொள்வதில்லை.

ஒரு துண்டுத்தாள் இருந்தால் மீதியை நாமே கண்டுபிடித்துவிடலாம். 9.7 சென்டிமீட்டரை 9.7-ஆல் பெருக்கி, அதை 0.7854-ஆல் பெருக்கினால் பிஸ்டன் தலையின் பரப்பு 73.9 சதுர சென்டிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 10 சென்டிமீட்டர். ஒரு சிலிண்டருக்கு 739. நான்குக்கு 2956. டாடாவின் விவரக் குறிப்பில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவும் 2956 சிசி. இந்தப் பொருத்தம் சாதாரணமானதுதான், கணக்கென்றால் அப்படித்தான் வர வேண்டும். இருந்தும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போவதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

இந்த 97 எங்கிருந்து வந்தது? டெல்கோ என்று அந்நாளில் அழைக்கப்பட்ட டாடா கம்பெனி 1954-இலிருந்து 1969 வரை ஜெர்மனியின் பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்து லாரி கட்டியது. பென்ஸ் 1964-இல் கொண்டுவந்த ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஓஎம் 352. அதன் போர் 97, ஸ்ட்ரோக் 128. டாடாவின் பெரிய லாரிகளில் முன்பு 692 ஓடியது, பிறகு 697 வந்தது. 697-இன் அளவு என்ன? போர் 97, ஸ்ட்ரோக் 128, கொள்ளளவு 5675 சிசி. யாரும் வம்சாவளி சொல்ல வேண்டியதில்லை. அளவே சொல்லிவிடுகிறது.

ஆறிலிருந்து இரண்டைக் குறைத்தால் 497. இட்லித் தட்டில் குழியின் அளவை மாற்றாமல் குழிகளின் எண்ணிக்கையை மட்டும் குறைப்பதுபோல. ஆனால் 497 என்ற பெயரில் இரண்டு இன்ஜின்கள் இருக்கின்றன. 709 லாரியில் வருவதற்கு ஸ்ட்ரோக் அதே பழைய 128, கொள்ளளவு 3783. 407-இல் வருவதற்கு ஸ்ட்ரோக் 100 மட்டுமே. எஸ்பி என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து அதை அடையாளம் சொல்வார்கள். பெயர் எத்தனை சிலிண்டர் என்பதைச் சொல்கிறது, எவ்வளவு அகலம் என்பதையும் சொல்கிறது. எவ்வளவு ஆழம் என்பதை மட்டும் தனக்குள் வைத்துக்கொள்கிறது.

அந்த 28 மில்லிமீட்டரைக் குறைத்ததில்தான் சின்ன லாரியின் குணமே இருக்கிறது. நிமிடத்துக்கு 2800 சுற்றில் 100 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 9.3 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஸ்ட்ரோக் 128 ஆக இருந்தால் அதே சுற்றில் அது 12 மீட்டரை நெருங்கும். பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் அது கடுமையான உழைப்பு. ஸ்ட்ரோக்கைக் குறைத்ததால் சின்ன லாரியின் இன்ஜின் பெரிய லாரியினுடையதைவிடச் சுறுசுறுப்பாகச் சுற்றலாம், உள்ளே தேய்மானமும் அதிகமாகாது. உயரமும் குறைகிறது, எடையும் குறைகிறது. போரை அப்படியே விட்டார்கள், ஆழத்தில் மட்டும் கை வைத்தார்கள். இந்தத் தேர்வை நான் மிகவும் ரசிக்கிறேன்.

எங்கள் நெய்வேலியில் 407-ஐ நன்றாகப் பார்க்க வேண்டுமானால் மாதக் கடைசியில் பார்க்க வேண்டும். யாராவது ஒருவர் பணி ஓய்வு பெற்றிருப்பார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். டவுன்ஷிப்பின் ஏதோ ஒரு பிளாக்கில், வேலி ஓரத்தில் 407 பின்பக்கம் காட்டி நிற்கும். பீரோ, கட்டில், கிரைண்டர், சாக்கில் கட்டிய பாத்திரங்கள், கடைசியில் துளசிச் செடித் தொட்டி. ஒரு குடும்பத்தின் முப்பது ஆண்டுச் சாமானை அந்த வண்டி ஒரே நடையில் ஏற்றிக்கொள்ளும். செல்ப் அடித்ததும் ஒரு மூச்சில் பிடித்துக்கொள்ளும். டீசலை நேராகப் பிஸ்டன் தலைமேல் பீய்ச்சும் வகை அது. மார்கழிக் குளிரிலும் காக்க வைக்காது.

அப்போது பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். வண்டி நின்றபடி ஓடும்போது கண்ணாடி மெல்லிசாக அதிரும். நான்கு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒன்றும் நான்கும் மேலே போகும்போது இரண்டும் மூன்றும் கீழே வருகின்றன. எடைக்கு எடை சரியாகிவிட வேண்டும்தானே? முழுக்க ஆவதில்லை. கனெக்டிங் ராடு சாய்ந்து சுற்றுவதால் பிஸ்டன் தன் பாதையின் மேல் பாதியை வேகமாகக் கடக்கிறது, கீழ்ப் பாதியை நிதானமாகக் கடக்கிறது. மேலே உள்ள ஜோடியும் கீழே உள்ள ஜோடியும் ஒன்றையொன்று முழுதாகத் தணித்துவிட முடியாது. மிச்சம் நிற்கும் அந்தச் சிறு உதறல் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வரும். ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில் நின்றால் அந்த மிச்சமும் கரைந்துவிடும். அதனால்தான் 697 பூட்டிய லாரி பக்கத்தில் நின்றால் தரை மட்டும் அதிரும், கண்ணாடி அடங்கியிருக்கும். நான்கின் உதறலை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. அது அந்த அமைப்பின் இயல்பு, காரணம் தெரிந்தபின் கேட்க இன்னும் நன்றாக இருக்கிறது.

ஒரே வரிசை என்பதில் இன்னொரு சௌகரியம், அதை மெக்கானிக்குகள்தான் அறிவார்கள். வரிசை ஒன்றே என்பதால் ஹெட் ஒன்று, அதன் மேல் மூடி ஒன்று. மந்தாரக்குப்பம் பக்கம் சாலையோரப் பட்டறை ஒன்றில் டாப்பெட் அட்ஜஸ்ட் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூடியைக் கழற்றினால் எட்டு வால்வும் ஒரு கோட்டில். பையன் கிராங்கை ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்புகிறான். பெரியவர் கையில் ஃபீலர் கேஜ்.

“நாலு ஆடுதாடா?”

“ஆடுதுண்ணே.”

உடனே பெரியவர் நாலாவதை விட்டுவிட்டு ஒன்றாவது சிலிண்டருக்குப் போகிறார். நாலாவதன் இரண்டு வால்வும் ஆடுகிற நேரம், அதாவது ஒன்று மூடிக்கொண்டு மற்றது திறக்கத் தொடங்கும் கணம், ஒன்றாவதில் இரண்டு வால்வும் இறுக மூடி ஓய்ந்திருக்கும். இடைவெளி பார்க்க அதுதான் சமயம். அடுத்து இரண்டு ஆடினால் மூன்றைப் பார்க்கிறார். வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்பதால் இந்த ஜோடி எப்போதும் கூட்டினால் ஐந்து வரும். ஆறு சிலிண்டரில் கூட்டினால் ஏழு. ஒன்றுக்கு ஆறு, ஐந்துக்கு இரண்டு, மூன்றுக்கு நான்கு. எந்தப் புத்தகத்தையும் திறக்காமல் அந்தப் பெரியவரின் கை இந்தக் கணக்கில் ஓடியது. ஃபீலர் கேஜின் தகடு வால்வு முனைக்கும் ராக்கருக்கும் நடுவே நுழையும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், சிக்கவும் கூடாது. அந்தப் பிடிப்பை விரல்தான் சொல்லும். அவர் தகட்டை இழுக்கும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

407 வந்தது 1986-இல். அப்போது ஜப்பானியக் கூட்டோடு சின்ன லாரிகள் வரிசையாக இறங்கியிருந்தன: டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிஸ்ஸான், ஸ்வராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி. நல்ல வண்டிகள்தான். ஆனால் பெரிய லாரியில் கை பழகிய நம் ஊர் மெக்கானிக்குக்கு 407 அந்நியமாகத் தோன்றவில்லை. சாலையில் கடைசியாக நின்றது யார் என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த எண் பெயர்க் குடும்பத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஒரு குட்டி இன்ஜின். 1998-இல் இண்டிகா கார் வந்தபோது அதன் டீசல் இன்ஜினின் பெயர் 475. நான்கு சிலிண்டர், 75 மி.மீ. போர், 79.5 மி.மீ. ஸ்ட்ரோக், 1405 சிசி. ஏழு ஆண்டு கழித்து, 2005-இல், முக்கால் டன் சுமக்கும் ஏஸ் வந்தது. நாம் குட்டி யானை என்று கூப்பிடுவது. அதன் இன்ஜினின் பெயர் 275. அதே போர், அதே ஸ்ட்ரோக், சிலிண்டர் மட்டும் இரண்டு. கொள்ளளவு 702. காரின் இன்ஜினில் சரியாகப் பாதி.

நெய்வேலிக்காரருக்கு இந்த எண்களில் தனி ருசி ஒன்று உண்டு. சுரங்கத்தில் மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் வெட்டும் பக்கெட் வீல் இயந்திரங்களை இங்கே பக்கெட்டின் கொள்ளளவை வைத்துத்தான் அழைக்கிறோம்: 700 லிட்டர், 1400 லிட்டர். ஒரு பக்கெட்டில் அள்ளுவது அவ்வளவு. குட்டி யானையின் இன்ஜின் 702 சிசி, இண்டிகாவினுடையது 1405. ஒன்றுக்கு ஆயிரம் என்ற விகிதம், அதுவும் இரண்டு இடத்திலும். தற்செயல்தான். என்றாலும் மின்சாரத்தில் சுழலும் அந்த ராட்சதச் சக்கரமும், அதை இயக்கும் குடும்பத்துக்குக் காய்கறி கொண்டுவரும் வண்டியும் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்வது வேறெந்த ஊரிலும் இப்படி அமையாது.

பாதி என்றேன். கொள்ளளவில் பாதி. முறுக்கு விசையிலும் ஏறக்குறையப் பாதி: காரில் 85 நியூட்டன் மீட்டர், ஏஸில் சுமார் 38. ஆனால் குதிரைத்திறனில் பாதி அல்ல. கார் 53 குதிரைக்கு மேல் கொடுத்தது. முதலில் வந்த ஏஸ் 16 மட்டுமே. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எங்கே போனது மீதி? எங்கும் போகவில்லை, கேட்கவே இல்லை. காரின் இன்ஜின் நிமிடத்துக்கு 5500 சுற்றில் தன் முழுத் திறனைக் காட்டும். ஏஸை 3200-இலேயே நிறுத்திவிட்டார்கள். சுமை வண்டிக்கு வேண்டியது இழுப்பு, வேகம் அல்ல. அந்த இழுப்பு கீழ்ச் சுற்றிலேயே கிடைக்கிறது. நாள் முழுக்க முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்து, தெருத்தெருவாக நின்று கிளம்பும் ஒரு வண்டியின் இன்ஜினுக்கு இதைவிடப் பரிவான ஏற்பாடு இருக்க முடியாது.

ஏஸின் இன்ஜினைப் பார்க்க சீட்டைத் தூக்க வேண்டும். ஓட்டுநர் இன்ஜின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். காலையில் சாவியைத் திருப்பினால் மீட்டர் பலகையில் சுருள் வடிவில் ஆரஞ்சு விளக்கு ஒன்று எரியும். ஹீட்டர் பிளக் சூடாகிறது என்று அர்த்தம். டீசலை நேரடியாகப் பிஸ்டன்மேல் பீய்ச்சாமல் பக்கத்திலுள்ள சின்ன அறையில் எரியவிடும் வகை என்பதால் குளிரில் அந்த அறைக்கு முதலில் சூடு காட்ட வேண்டும். விளக்கு அணைந்தபின் செல்ப் அடித்தால் உடனே எடுக்கும். பொறுமை இல்லாதவர்கள் முன்பே அடித்துவிட்டு, வெள்ளைப் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஓட ஆரம்பித்ததும் வரும் சத்தத்தைக் கவனியுங்கள். ஓய்வுச் சுற்று நிமிடத்துக்கு 900 என்று வைத்துக்கொண்டால், இரண்டு சிலிண்டரில் நொடிக்கு 15 வெடிப்பு. நொடிக்கு இருபதுக்குக் கீழே இருக்கும்வரை நம் காது ஒவ்வொரு அடியையும் தனியாக உணரும். அதைத் தாண்டினால் அடிகள் சேர்ந்து ஒரு சுருதியாகிவிடும். 407 நின்றபடி ஓடும்போதே நொடிக்கு 25-ஐத் தொட்டுவிடுகிறது, அது உறுமல். குட்டி யானை எல்லைக்கு இந்தப் பக்கமே நிற்கிறது, அது தாளம். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அந்த எல்லையைத் தாண்டி அதுவும் உறுமத் தொடங்கும். தாளம் சுருதியாக மாறும் அந்த இடம் ஒரு நொடிதான். கேட்டுப் பழகினால் விட மனம் வராது. 2011-இல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்துக்கு மூன்று சிலிண்டர், 1478 சிசி. அதன் சத்தம் இந்த இரண்டுக்கும் நடுவே ஒற்றைப்படையாக உருண்டு போகும். கண்ணை மூடிக்கொண்டே நெய்வேலி ஆர்ச் கேட் அருகே வருவது எது என்று சொல்லிவிடலாம்.

சித்திரை, வைகாசியில் பண்ருட்டிப் பக்கமிருந்து பலாப்பழம் ஏற்றி வரும் ஏஸ்களைப் பார்க்க வேண்டும். பழம் ஒன்று 15 கிலோ என்றால் முக்கால் டன்னுக்கு ஐம்பது பழம். ஏற்றியிருப்பது பெரும்பாலும் அதைவிட அதிகம், அது சரியில்லை. ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும்தான் அதற்கு விலை கொடுக்கின்றன. அப்படியும் வடலூர் வரை வெயிலில் ஊர்ந்து, ஒவ்வொரு கடை முன்னும் நின்று, மறுபடி கிளம்புகிறது அந்த 702 சிசி.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபின் டீசல் வண்டிகளில் பழைய பம்ப் போய், காமன் ரெயில் வந்துவிட்டது. கணினி சொல்லும் நேரத்தில், சொல்லும் அளவில், ஒரே வெடிப்புக்கு முன்னால் ஒரு சொட்டு, பிறகு மீதி என்று பிரித்துப் பீய்ச்சுகிறது. பழைய ‘டக் டக்’ தட்டல் மழுங்கிவிட்டது. 407-இன் இப்போதைய இன்ஜினுக்கு 4எஸ்பிசிஆர் என்று பெயர், 100 குதிரைத்திறன். விவரக் குறிப்பை வாங்கி, கொள்ளளவு இருக்கும் வரியைத் தேடிப் பார்த்தேன். 2956 சிசி என்றுதான் போட்டிருந்தது.