தந்தையின் குரல், தாயின் முகம்: தார்கோவ்ஸ்கியின் ‘கண்ணாடி’யை ரசிப்பது எப்படி?

இலக்கியம் திரைப்படத்துக்குள் வரும் வழிகளுள் பெரும்பாலோர் அறிந்தது தழுவல், அதாவது ஒரு நாவலையோ சிறுகதையையோ திரைக்கதையாக்கிக் காட்சிகளால் சொல்லும் முறை. விபூதிபூஷணின் நாவலிலிருந்து சத்யஜித் ராய் 1955-இல் உருவாக்கிய ‘பதேர் பாஞ்சாலி’ அதற்குத் தலைசிறந்த சான்று. அதனினும் அரிதான மற்றொரு வழியில், எழுத்து காட்சியாக மாறாமல் எழுத்தாகவே, எழுதியவரின் குரலாகவே படத்துக்குள் வந்து அமர்கிறது. சோவியத் இயக்குநர் ஆந்திரேய் தார்கோவ்ஸ்கியின் ‘கண்ணாடி’ (1975) இவ்வகையைச் சேர்ந்தது. உலக சினிமாவில் ஆர்வம் கொண்டு அதைப் பார்க்கத் தொடங்கும் பலர், கதை பிடிபடவில்லை என்று பாதியில் விட்டுவிடுவதுண்டு; கண்ணால் மட்டும் தொடர முயல்வதே இதற்குப் பெரிதும் காரணம், ஏனெனில் இப்படத்தின் இழை காதுக்குத்தான் முதலில் அகப்படுகிறது.

அந்தக் குரல் யாருடையது என்பதை அறிய, பார்ப்பதற்கு முன்னரே சில குடும்பச் செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது. 1932-இல் பிறந்த ஆந்திரேயின் தந்தை அர்செனி ஒரு கவிஞர்; 1930-களின் இடைப்பகுதியில் மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டுப் பிரிந்தவர். தாய் மரியா விஷ்னியகோவா மாஸ்கோவில் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துநராக வேலை பார்த்து மகனையும் மகளையும் வளர்த்தார். அர்செனி மொழிபெயர்ப்பாளராக அறியப்பட்டிருந்தாரேயன்றி, அவருடைய சொந்தக் கவிதைகள் நூலாக வரப் பல்லாண்டுகள் ஆயின. முதல் தொகுதி 1962-இல், அவரது ஐம்பத்தைந்தாம் வயதில் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் மகனின் முதல் முழுநீளப் படமான ‘இவானின் குழந்தைப்பருவம்’ வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது. ‘கண்ணாடி’யில் ஒலிக்கும் நான்கு கவிதைகளும் அர்செனியுடையவை, அவற்றைப் படிப்பவரும் அவரே.

படத்தில் கதைசொல்லியான அலெக்சேயின் முகம் வளர்ந்த நிலையில் ஒருமுறைகூடத் தெளிவாகக் காட்டப்படுவதில்லை. நோயுற்றிருக்கும் அவனுடைய நினைவுகளே படமாகின்றன என்பதால், நிகழ்ச்சிகளை நடந்த வரிசையில் அடுக்கும் நேர்கோட்டுக் கதைமுறை இங்கே கைவிடப்பட்டு, இரண்டாம் உலகப் போருக்கு முந்திய குழந்தைப்பருவமும், போர்க்காலமும், 1970-களின் நிகழ்காலமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. இளம் தாயாகவும் அலெக்சேயின் பிரிந்துபோன மனைவியாகவும் நடிப்பவர் மார்கரீத்தா தெரெக்கோவா என்ற ஒரே நடிகை. போர்க்காலச் சிறுவன் அலெக்சேயாகவும் அவனுடைய மகன் இக்னாத்தாகவும் நடிப்பவன் ஒரே பையன். தாயை நினைக்கும்போதெல்லாம் மனைவியின் முகமே தோன்றுவதாக அலெக்சேயே ஓரிடத்தில் சொல்வதால், குழப்பமாகத் தெரியும் இது உண்மையில் நினைவின் இயல்பைப் பற்றிய துல்லியமான கூற்றாகிறது. கறுப்பு வெள்ளை என்றால் கடந்தகாலம், வண்ணம் என்றால் நிகழ்காலம் என்று கணக்கிடுவதும் பயன்படாது. குழந்தைப்பருவத்து மரவீடு வண்ணத்திலும் வருகிறது. எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை மரவீடு, அச்சகம், மாஸ்கோ அடுக்குமாடி வீடு என்னும் இடங்களைக் கொண்டு அறிவதே எளிது.

முதல் கவிதை ஒலிக்கும் இடத்தைச் சற்று நிதானித்துக் கவனிக்க வேண்டும். கவிதை, இருவரின் தொடக்கக்காலச் சந்திப்புகளின் பெருமகிழ்ச்சியைப் பாடுகிறது. திரையிலோ, கணவன் இனி வரமாட்டான் என்பதை உணர்ந்த பெண் மரவீட்டின் சன்னலருகே கண்ணீருடன் அமர்ந்திருக்கிறாள். சொல் ஒரு திசையிலும் காட்சி மற்றொரு திசையிலும் செல்கின்றன. காதலைப் பாடியவரே அந்தப் பெண்ணைப் பிரிந்தவர் என்பதை அறிந்து கேட்கும்போது, இரண்டுக்கும் நடுவிலுள்ள தொலைவில்தான் படத்தின் துயரம் இருப்பது புலனாகும். கவிதையின் கருத்தைக் காட்சியாக வரைந்து காட்டியிருந்தால் இத்தொலைவு கிட்டியிராது. ஆகவே கவிதை வரும் இடங்களில் திரையடி வாசகங்களைப் படிப்பதை முதல் முறை அறவே விட்டுவிட்டு, அறுபது வயதைக் கடந்த அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கேட்டு, கவிதைகளின் மொழிபெயர்ப்பைப் படம் முடிந்த பிறகு தனியே படிப்பது சிறந்த முறை.

அச்சகக் காட்சி இப்படத்தின் மிகச்சிறந்த பகுதி. அச்சுக்குப் போய்விட்ட ஒரு பதிப்பில் பெரும்பிழை ஒன்றை விட்டுவிட்டதாக அஞ்சி, அலெக்சேயின் தாய் மரியா மழையில் ஓடிவருகிறாள். ஸ்டாலின் காலத்தில் ஓர் அச்சுப்பிழை எவ்வளவு பெரிய தண்டனையைக் கொண்டுவரக்கூடும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிழை இல்லை என்று தெரிந்தபின், தான் அஞ்சிய சொல்லைத் தோழி லீசாவின் காதில் சொல்கிறாள். பார்வையாளருக்கு அச்சொல் கேட்பதே இல்லை. சிரிப்பும் அழுகையும் கலந்த அந்த வேளையில், லீசா திடீரெனச் சினந்து, தஸ்தயேவ்ஸ்கியின் ‘பேய்கள்’ நாவலில் வரும் மரியா லெபியாத்கினாவோடு அவளை ஒப்பிட்டுப் பேசுகிறாள். நாவல் படித்த இரு பெண்களுக்கிடையே ஓர் இலக்கியப் பாத்திரத்தின் பெயர் அறைபோல விழுவதை இத்தனை இயல்பாகக் காட்டிய படங்கள் மிகக் குறைவு. எழுத்து அங்கே வயிற்றுப்பாடாகவும் அச்சமாகவும் வசையாகவும் இருக்கிறது.

அடையாளம் பற்றிய கேள்வியும் படத்தில் வாசிப்பின் வழியாகவே எழுகிறது. வீட்டுக்கு வந்திருக்கும் அறியாத பெண்மணி ஒருத்தி கேட்டுக்கொள்ள, இக்னாத் ஒரு குறிப்பேட்டிலிருந்து, ஐரோப்பாவிலிருந்து விலகி நின்ற ரஷ்யாவின் வரலாற்றைப் பற்றிப் கவிஞர் புஷ்கின் 1836-இல் சிந்தனையாளர் சதாயேவுக்கு எழுதிய கடிதத்தைப் படிக்கிறான். படித்து முடித்ததும் அவள் இல்லை, அவள் வைத்திருந்த சூடான கோப்பை மேசையில் பதித்த ஈரத்தடம் மெல்ல மறைகிறது. இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, உள்நாட்டுப் போரால் ஸ்பெயினைவிட்டு வந்து மாஸ்கோவிலேயே தங்கிவிட்டவர்களின் பகுதி. செய்திப்படத் துணுக்குகள், அதாவது நிகழ்ச்சிகள் நடந்தபோதே செய்திக்காகப் படம்பிடிக்கப்பட்டவை, இங்கும் வேறு சில இடங்களிலும் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 1943-இல் சிவாஷ் ஏரியின் சேற்றில் நடந்து கடக்கும் சோவியத் வீரர்களின் துணுக்கின்மீது அர்செனியின் கவிதை மீண்டும் ஒலிக்கிறது. போரில் ஒரு காலை இழந்தவரின் குரல் அது.

சொந்த அனுபவத்தை இயக்குநர் எவ்வளவு கண்டிப்புடன் அணுகினார் என்பதற்கு அந்த மரவீடே சான்று. பழைய நிழற்படங்களைக் கொண்டு, வீடு இருந்த அதே இடத்தில், பழைய அடித்தளத்தின்மீதே அது மீண்டும் கட்டப்பட்டது. எதிரே இருந்த வயல் தம் குழந்தைப்பருவத்தில் பக்வீட் தானியப் பூக்களால் வெண்மையாக இருந்ததை நினைவுகூர்ந்து தார்கோவ்ஸ்கி அதைப் பயிரிட முனைந்தபோது, அங்கே அது விளையாது என்று கூட்டுப்பண்ணையினர் சொன்னதாகவும், ஆனால் அது செழித்துப் பூத்ததாகவும் அவர் எழுதியுள்ளார். இவ்வளவு தனிப்பட்ட படம் பிறருக்கு எட்டாது என்ற அச்சம் வீணானது. தங்கள் குழந்தைப்பருவமும் இப்படித்தான் இருந்தது என்று பார்வையாளர்கள் எழுதிய கடிதங்களை அவர் திரைப்படக்கலை பற்றிய தம் நூலின் தொடக்கத்திலேயே சேர்த்திருக்கிறார்.

இறுதிக் காட்சியை, முன்னுள்ளவற்றில் எது விளங்காமல் போயிருந்தாலும் கவலையின்றிப் பார்க்கலாம். புல்வெளியில் கணவனோடு படுத்திருக்கும் இளம் மரியாவிடம், ஆண் பிள்ளை வேண்டுமா பெண் பிள்ளை வேண்டுமா என்று அவன் கேட்கிறான். அவள் விடை சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள, இசையமைப்பாளர் பாகின் இசை எழ, அதே வயலில் முதுமையடைந்த மரியா இரு குழந்தைகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறாள். அம்முதியவராக வருபவர் நடிகை அல்லர். கணவர் பிரிந்துபோய் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனபின், அவர் குரல் ஒலிக்கும் படத்தில் மகன் கேட்டதற்கிணங்கித் தோன்றிய மரியா விஷ்னியகோவாவே அவர்.